காந்தம், சாக்பீஸ், டார்ச்: மசில் கார் பாகம் தேடிப் புறப்படுகிறவர்களுக்கு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் பிள்ளைகள் ஒட்டிவைத்த காந்தங்களில் ஒன்று எப்போதும் குறையும். அது என் சட்டைப்பையில் இருக்கும். இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு கியர்பாக்ஸ்தான் காரணம்.

ஓஹையோவில் ஒரு பழைய பாகச் சந்தை. மன்சி நான்கு கியர் பெட்டி என்று சொல்லி ஒருவர் விற்றார். வெள்ளி பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுத் தூக்கி வந்துவிட்டேன். வீட்டில் கழுவியபோது பெயிண்ட் உரிந்தது, அடியில் துரு. மன்சியின் கூடு அலுமினியம்; அது எங்கே துருப்பிடிக்கப் போகிறது? நான் வாங்கி வந்தது வார்ப்பிரும்புக் கூடு கொண்ட சாகினா. சின்ன எஞ்சின்களுக்குப் பின்னால் மாட்டிய பெட்டி, நான் கட்டிக்கொண்டிருந்த எஞ்சினின் முறுக்கைத் தாங்காது. சந்தையிலேயே ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்திருந்தால் அரை நொடியில் தெரிந்திருக்கும். நெம்புகோல்களை எண்ணியிருந்தாலும் தெரிந்திருக்கும்: சாகினாவில் மூன்றும் பக்க மூடியிலேயே இருக்கும், மன்சியில் இரண்டு மூடியில், ரிவர்ஸ் மட்டும் தனியாகப் பின்கூட்டில்.

அமெரிக்காவில் வேலைக்கு வந்து, ஆசைப்பட்டு ஒரு பழைய செவெல்லையோ மஸ்டாங்கையோ வாங்கி கராஜில் நிறுத்திவிட்டு, அடுத்து என்ன என்று விழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னுடையது 1969 செவெல். அதனால் உதாரணங்கள் செவர்லே பக்கம் சாயும். ஃபோர்டு ஆட்களும் மோபார் (கிரைஸ்லர், டாட்ஜ், பிளிமத்) ஆட்களும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன்

1964இல் பாண்டியாக் நிறுவனம் நடுத்தர அளவு காரில் 389 கன அங்குல எஞ்சினை வைத்து ஜிடிஓ என்று விற்றதை மசில் கார் என்ற வகையின் தொடக்கமாகச் சொல்வார்கள். காப்பீட்டுக் கட்டணமும் புகைக் கட்டுப்பாடும் 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து பத்து வருடத்துக்குள் கதையை முடித்துவிட்டன. ஆக, நாம் தேடுகிற பாகத்துக்கு எப்படிப் பார்த்தாலும் ஐம்பது வயதாகிறது. இருந்தும் எல்லாவற்றையும் பழையதாகத் தேட வேண்டியதில்லை. முதல் தலைமுறை கமாரோவுக்கும் மஸ்டாங்குக்கும் தகரம், ரப்பர், சீட் துணி, பம்பர் எல்லாமே புதிதாகச் செய்து விற்கிறார்கள். முழு உடற்கூடே கிடைக்கிறது. கதவு ரப்பருக்காக 400 மைல் ஓட்டாதீர்கள்.

அவ்வளவு தூரம் போய்த் தேடத் தகுந்தவை வேறு. எஞ்சின் பிளாக், ஹெட், கியர்பாக்ஸ், பின் ஆக்சில், தேதி பொருந்தும் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், கப்பிகள், அவற்றைப் பிடிக்கும் பிராக்கெட்கள். ஓல்ட்ஸ்மொபில், பியூக், மெர்குரி போன்றவை வைத்திருப்பவர்களுக்கு அலங்காரப் பட்டைகளும். இவற்றுக்குப் புதிது செய்கிறவர்கள் குறைவு. இன்னொன்று அசல் ஃபெண்டர். புதிய ஃபெண்டரைக் கதவோடு இடைவெளி சேர்த்துப் பொருத்துவதற்குள் டிங்கரிங் செய்பவர் படும் பாட்டைப் பார்த்தவன் நான். லேசாக நசுங்கிய பழைய ஃபெண்டர் கிடைத்தால் அதற்கே என் ஓட்டு.

அடுத்தது, உங்கள் காரின் உறவினர்கள் யார் என்று தெரிந்துகொள்வது. இரண்டு கதவு செவெல் எங்கே நின்றாலும் பாகங்களைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். அதே ஆண்டு நான்கு கதவு மாலிபுவை (அதுவும் செவெல்தான்) யாரும் சீந்த மாட்டார்கள். ஆனால் முன்பக்கத் தகரம், ஹீட்டர் பெட்டி, ஸ்டியரிங் பெட்டி எல்லாம் அதில் அப்படியே இருக்கும். கதவும் சட்டமும் சேராது. நான்கு கதவு காரின் சக்கர இடைவெளி 116 அங்குலம், இரண்டு கதவு காருக்கு 112. எல் காமினோவும் இதே குடும்பம், 1968 முதல் 1972 வரை முன்பாதி அந்தந்த ஆண்டு செவெல்தான். அடிப்பாக விஷயத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் ஜிடிஓ, கட்லஸ், ஸ்கைலார்க் மூன்றும் பங்காளிகள். இந்தப் பொருத்தங்களை வருடவாரியாகச் சொல்லும் ஹாலண்டர் ஏடுகள் பழைய காயலாங்கடைக்காரர்களிடம் இன்னும் இருக்கின்றன. உங்கள் காரின் பங்காளிப் பட்டியலை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். போனில் வைத்தால் யார்டில் (பழைய கார்களைக் குவித்திருக்கும் காயலான் களத்தில்) சிக்னல் இருக்காது, கையெல்லாம் கிரீஸ் வேறு.

எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதற்காக இரண்டு வாரம் மாலை நேரத்தைச் செலவழித்தால் பல நூறு டாலர் மிச்சம். விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. பாதிப்பேர், தாங்கள் வாங்கியபோது கேட்ட கதையை நம்பித் திருப்பிச் சொல்கிறார்கள். இரும்பில் வார்த்த எண்ணிடம் கதை கிடையாது.

செவர்லே ஸ்மால் பிளாக்கில், அதாவது சின்ன வகை வி8 எஞ்சினில், வார்ப்பு எண் பின்பக்கம், ஓட்டுநர் பக்கமாக, கியர்பாக்ஸ் கூடு வந்து சேரும் விளிம்பில் இருக்கும். தேதி பெரும்பாலும் அதே விளிம்பின் எதிர்ப்பக்கம். தேதியில் முதல் எழுத்து மாதம், ஜனவரிக்கு ஏ, டிசம்பருக்கு எல். பிறகு நாள். கடைசியில் வருடத்தின் ஒற்றை இலக்கம். ‘இ 12 9’ என்றால் மே 12, வருடம் ஒன்பதில் முடிகிறது. எந்த ஒன்பது? இங்கேதான் புதியவர்கள் விழுவார்கள். சந்தைகளில் அதிகம் தட்டுப்படும் 3970010 என்ற பிளாக்கை 1969 முதல் 1979 வரை வார்த்தார்கள். அதே எண், அதே தேதி, பத்து வருட வித்தியாசம். விற்பவர் 69 என்பார். பிளாக்கின் முன்பக்கம், பயணி பக்க ஹெட்டுக்கு முன்னால், சமமாகக் கடைந்த சின்ன மேடை ஒன்று இருக்கும். எஞ்சின் கூடிய இடம், தேதி, எந்த வகைக் காருக்கு என்ற எழுத்துக் குறி எல்லாம் அங்கே குத்தப்பட்டிருக்கும். பஞ்சாயத்து அங்கே தீரும். அந்த மேடை வழவழவென்று புதிதாக இருந்தால் யாரோ அரைத்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கலாம் என்று வையுங்கள். மேடை முழுக்க நெடுகக் கோடுகள் ஓடுவது அசல் கடைசலின் அடையாளம்.

தேதி பொருத்தம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு விதி: பாகம் வார்த்த தேதி, கார் கூடிய தேதிக்குச் சில வாரங்களோ ஓரிரு மாதங்களோ முந்தியிருக்க வேண்டும். பிந்தியிருந்தால் அது உங்கள் காரில் பிறந்திருக்க முடியாது. ஓட்டி மகிழ மட்டுமே கார் கட்டுகிறீர்கள் என்றால் இந்தத் தலைவலியே வேண்டாம். தேதி பொருந்தாத பிளாக் பாதி விலைக்குக் கிடைக்கும், அதே வேகத்தில்தான் ஓடும்.

ஃபோர்டு எண் இன்னும் எளிது. முதல் எழுத்து பத்தாண்டு: சி என்றால் அறுபதுகள், டி என்றால் எழுபதுகள். அடுத்த இலக்கம் வருடம். மூன்றாவது கார் வகை: இசட் மஸ்டாங், ஓ ஃபேர்லேன், டொரினோ. அது வடிவமைத்த ஆண்டு மட்டும்தான், செய்த ஆண்டு பின்னதாக இருக்கலாம். கிரைஸ்லர் ஸ்மால் பிளாக்கில் ஓட்டுநர் பக்கம் 318, 340, 360 என்று கன அங்குலத்தையே வார்த்திருப்பார்கள். எல்லா நிறுவனமும் இப்படிப் பெரிய மனது பண்ணியிருக்கலாம்.

குவாட்ராஜெட் கார்புரேட்டரில் ஓட்டுநர் பக்கம் பின்னால் செங்குத்தாக எண் இருக்கும். 7029 என்று தொடங்கினால் 1969, 7040 என்றால் 1970. ஹாலி கார்புரேட்டரில் மேலே, சோக் இருக்கும் வாய்ப்பகுதியில் லிஸ்ட் என்ற சொல்லோடு எண்.

ஹெட்டுக்குக் குனியவே வேண்டாம். முனையில் ஒட்டகத் திமில் மாதிரி இரட்டை மேடு வார்த்திருந்தால் நின்று பாருங்கள். அறுபதுகளின் வலுவான ஸ்மால் பிளாக்குகளில் வந்த ஹெட் அது. எஞ்சின் காருக்குள் இருக்கும்போதே இந்த மேடு தெரியும். ஆனால் 462இல் முடியும் எண் என்றால் முனையில் ஆல்டர்னேட்டர் பிராக்கெட் மாட்டத் துளை இருக்காது. 1969 முதல் வந்த அமைப்புக்குத் துளை வேண்டும். 186இல் முடியும் எண்ணில் துளை உண்டு. நண்பர் ஒருவர் 462 ஜோடியை ஆசையாக வாங்கி, இன்றுவரை கராஜ் அலமாரியில் கொலு வைத்திருக்கிறார்.

பின் ஆக்சிலுக்கு மூடி போல்ட்டை எண்ணுங்கள். செவர்லேயில் 12 இருந்தால் விலை ஏறும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, பிக்கப் டிரக்கிலும் 12 போல்ட் ஆக்சில் வந்தது, அது வேறு சரக்கு. இரண்டு, கமாரோவிலும் நோவாவிலும் பின்னால் பட்டை ஸ்பிரிங். செவெல்லில் சுருள் ஸ்பிரிங். செவெல்லின் ஹவுசிங் மேல் இரண்டு காதுகள் துருத்திக்கொண்டிருக்கும். காது இல்லாததை வாங்கிவந்தால் வெல்டிங் கடைக்கு அலைய வேண்டும். ஃபோர்டின் ஒன்பது அங்குல ஆக்சிலில் பின்மூடியே கிடையாது, உள்ளிருக்கும் கிரவுன் முன்பக்கமாகக் கழன்று வரும்.

எந்தத் திசையில் ஓட்டுவது

தகரம் வேண்டுமா, மேற்கே போங்கள். அரிசோனா, நியூ மெக்சிகோ, கிழக்குக் கலிபோர்னியா பாலைவனங்களில் ஃபெண்டரும் தரையும் துருவில்லாமல் கிடக்கும். அதே வெயில் டேஷ்போர்டைப் பிளந்து, சீட்டை அப்பளமாக்கி, வயர்களின் தோலை உரித்திருக்கும். ஓஹையோ, மிச்சிகன், பென்சில்வேனியா பக்கம் குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவதால் தகரம் கரைந்துவிடும். எஞ்சினும் கியர்பாக்ஸும் உள்ளலங்காரமும் மட்டும் பார்க்கலாம்.

முதல் பயணத்துக்கு யார்டைவிடச் சந்தையே நல்லது. ஒரே நாளில் ஆயிரம் பாகங்களைத் தொட்டுப் பார்க்கலாம், கண் பழகும். என் பரிந்துரை பென்சில்வேனியாவின் கார்லைல். 1974இலிருந்து நடக்கிறது, வசந்தத்தில் ஒன்று ஏப்ரலில், இலையுதிர் காலத்தில் ஒன்று செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்க வாக்கில். ஓஹையோவின் கொலம்பஸிலிருந்து ஆறு மணி நேர ஓட்டம். பென்சில்வேனியா டர்ன்பைக்கில் சுங்கம் கனக்கும், சாவடியில் காசு வாங்க ஆள் இல்லை, சுங்கம் தானாகக் கழியும் ஈஸி பாஸ் கருவியை வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஹெர்ஷி, சாக்லேட் ஊர். 1955இலிருந்து அக்டோபரில் அங்கே பெரிய சந்தை. வழக்கமாகக் கார்லைல் முடிந்த அடுத்த வாரம் வரும். ஹெர்ஷி, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்களை வைத்திருப்பவர்களின் கோயில், நமக்கு அங்கே சரக்கு குறைவு. ஆனால் பார்க்காமல் விடக்கூடாது.

டெக்சாஸ்காரர்களுக்கு ஃபோர்ட் வொர்த் அருகே வசந்தத்தில் பேட் சந்தை, லாஸ் ஏஞ்சலிஸ்காரர்களுக்கு வருடம் பல முறை பொமோனா, வடக்கே விஸ்கான்சினில் ஜூலை மாதம் அயோலா. ஜார்ஜியாவின் வைட் என்ற ஊரில் ஓல்டு கார் சிட்டி என்று 34 ஏக்கர் காட்டுக்குள் 4000க்கும் மேற்பட்ட கார்கள் கிடக்கின்றன. பாகத்துக்காக அங்கே போகாதீர்கள். டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்கும் இடம் அது, மரம் காருக்குள் புகுந்து வளர்ந்திருக்கும்.

பையில் என்ன

அங்குல அளவு சாக்கெட்டுகள்: 7/16, 1/2, 9/16, 5/8. மெட்ரிக் செட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய் முழித்தவர்கள் உண்டு. நீளக் கைப்பிடி, துரு இளக்கும் எண்ணெய், கம்பி பிரஷ், கைக்கண்ணாடி, டார்ச், வெர்னியர், டேப், காந்தம். சாக்பீஸை மறக்காதீர்கள், வார்ப்பு எண்ணைப் பிரஷால் தேய்த்து, சாக்பீஸைப் படுக்கவைத்து இழுத்தால் எழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கும். போனில் படம் எடுத்து அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள்.

யார்டுக்குப் போவதானால் கனத்த பூட்ஸ், தடித்த கையுறை. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகிவிட்டதா என்று பாருங்கள். கதவைத் திறக்கும் முன் தட்டுங்கள், குளவி இருக்கும். தென்மேற்கில் ஹூடுக்கு அடியில் கருஞ்சிலந்தி, சீட்டுக்கு அடியில் கிலுகிலுப்பைப் பாம்பு. பயமுறுத்தச் சொல்லவில்லை, கையை விடுவதற்கு முன் டார்ச்சை விடச் சொல்கிறேன்.

பணம் நோட்டாக. இருபது டாலர் தாள்கள், இரண்டு பைகளில் பிரித்து. சாப்பாடு உங்கள் விருப்பம். எங்கள் கூலரில் புளிச்சோறு இல்லாமல் வண்டி நகராது.

சந்தையில்

விடியும் முன் டார்ச்சோடு அலைகிறவர்களைப் பார்ப்பீர்கள். அவர்கள் பாதிப்பேர் வியாபாரிகள், நல்ல பாகத்தை வாங்கி மதியமே கூடுதல் விலைக்கு வைப்பார்கள். அரிய பாகம்தான் வேண்டும் என்றால் முதல் நாள் விடியற்காலை. கனமான, சாதாரணமான பாகம் வேண்டும் என்றால் கடைசி நாள் மதியம். 80 கிலோ ஆக்சிலைத் திரும்ப வண்டியில் ஏற்ற எந்தப் பெரியவருக்கும் மனம் வராது.

பேரத்தில் புதுப்பேட்டை வழக்கத்தைக் கொண்டுவராதீர்கள். அங்கே பாதிக்குக் கேட்டால் சிரித்துவிட்டு டீ சொல்வார்கள். இங்கே 300 சொன்ன பாகத்துக்கு 100 என்றால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அதோடு முடிந்தது. முதலில் கார் பற்றிப் பேசுங்கள். என்ன கார் கட்டுகிறீர்கள், எவ்வளவு நாளாக என்று அவரே கேட்பார். பாகத்தைக் கையில் எடுத்து, குறையைக் குறையாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேளுங்கள்: “இந்த விரிசல் முன்னாடியே இருந்ததா?” பிறகு, “இப்பவே காசு குடுத்துத் தூக்கிட்டுப் போனா என்ன விலைக்குத் தருவீங்க?” 240க்கு இறங்கினால் நல்ல பேரம். ஒருவரிடமே மூன்று பாகம் எடுத்தால் இன்னும் இறங்கும்.

தகரத்தின் மேல் காந்தத்தை நகர்த்துங்கள். பிடி விடும் இடத்தில் அடியில் பட்டி பார்த்திருக்கிறார்கள். சக்கர வளைவின் விளிம்பும் கீழ்முனையும்தான் முதலில் போகும் இடங்கள்.

பிளாக் என்றால் வெர்னியரை எடுங்கள். செவர்லே 350 எஞ்சினுக்குத் தொழிற்சாலை போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 4.000 அங்குலம். 4.030 என்றால் ஒரு முறை ரீபோர் ஆகியிருக்கிறது, பரவாயில்லை. 4.060 என்றால் இனிக் கடைய இடமில்லை என்று எண்ணி விலை பேசுங்கள். வெளிச்சுவரில் தண்ணீர்ப் பாதையை அடைக்கும் வட்டத் தட்டுகளைச் சுற்றி டார்ச் அடியுங்கள். உறைபனியில் வெறும் தண்ணீரோடு நின்ற எஞ்சின் அங்கே நீளவாக்கில் வெடித்திருக்கும். அப்படி வெடித்த பிளாக்கின் இடம் பழைய இரும்புக் குவியல்தான், எண் எவ்வளவு அரியதாக இருந்தாலும்.

யாராவது காரின் அடையாள எண் (VIN) தகட்டைத் தனியாக விற்க வந்தால் தொடவே தொடாதீர்கள். ஒரு காரின் தகட்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது கூட்டாட்சிக் குற்றம். விசா நிலையில் இருக்கும் நமக்கு அது எவ்வளவு பெரிய வினை என்று சொல்ல வேண்டியதில்லை.

யார்டிலும் பண்ணையிலும்

யார்டுக்கு முதல் நாளே போன் செய்யுங்கள். கிராமத்து யார்டுகள் சனி மதியமே மூடும், ஞாயிறு திறக்காது. சிலர் நம்மை உள்ளே விட மாட்டார்கள், அவர்களே கழற்றித் தருவார்கள். ‘செவெல் பாகம் இருக்கா’ என்று கேட்டால் இல்லை என்று வைத்துவிடுவார். ‘68-72 மாலிபு நான்கு கதவு, எல் காமினோ ஏதாவது நிற்கிறதா’ என்று கேளுங்கள். நாமே கழற்றிக்கொள்ளும் நகரத்து யார்டுகளில் அறுபதுகளின் கார் அபூர்வம், அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சாலையோரம் பண்ணையில் புல்லுக்குள் ஒரு டாட்ஜ் சார்ஜர் கார் நிற்பது கண்ணில் படும். வேலி தாண்டாதீர்கள். பகல் வெளிச்சத்தில் வீட்டு வாசலுக்கு நேராகப் போய், தட்டிவிட்டு, நாலடி பின்வாங்கி, கை தெரிய நில்லுங்கள். பெரும்பாலும் “விற்க இல்லை, ஒருநாள் நானே சரிபண்ணுவேன்” என்பார். இருபது வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருப்பார். பெயரையும் எண்ணையும் எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லி வாருங்கள். என் ஸ்டியரிங் பெட்டி அப்படிக் கொடுத்த சீட்டிலிருந்து எட்டு மாதம் கழித்து வந்தது.

ஏற்றி வருவது

முழு ஸ்மால் பிளாக் எஞ்சின் 250 கிலோவைத் தாண்டும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் உங்கள் வண்டி எவ்வளவு தாங்கும் என்று போட்டிருக்கும், ஆட்களின் எடையும் அதில் சேர்த்தி. எஞ்சினைப் பழைய டயரின் நடுவில் உட்காரவைத்தால் உருளாது, எண்ணெய்ச் சட்டியும் நசுங்காது. பிறகு நான்கு மூலைக்கும் ராட்செட் பெல்ட். எண்ணெயை அங்கேயே வடியவிடுங்கள். கியர்பாக்ஸின் பின்முனையில் பிளாஸ்டிக் பையைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கீழ்நோக்கிச் சாயும்போது ஒழுகி வண்டிக்குள் மாதக்கணக்கில் நாறும். ஃபெண்டரும் ஹூடும் பழைய மெத்தை மேல், நடுவில் போர்வை. ஐம்பது மைலுக்கு ஒரு முறை நிறுத்திப் பெல்ட்டை இறுக்குங்கள். அது தளரத்தான் செய்யும்.

வீடு வந்ததும் எஞ்சின் பாகங்களைக் கழுவி முதல் வாரத்திலேயே மெஷின் ஷாப்பில் கொடுத்துக் காந்தச் சோதனையில் விரிசல் பார்க்கச் சொல்லுங்கள். விற்றவரின் நினைவு புதிதாக இருக்கும்போதே பேசினால்தான் பேச்சுக்கு மதிப்பு. சந்தையில் திரும்ப எடுத்துக்கொள்ளும் கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனாலும் போன் எண் வாங்கி வைத்திருந்தால் சிலர் பாதிப் பணமாவது தருவார்கள். போல்ட்டுகளை ஜிப் பையில் போட்டு, எந்த ஊர், எந்த வண்டி, என்ன விலை என்று எழுதி அந்தந்தப் பாகத்தோடு கட்டிவையுங்கள். அந்தச் சாகினாவை நான் அப்படி எழுதி வைத்திருந்தேன், அடுத்த வசந்தத்தில் கார்லைலுக்கே கொண்டுபோனேன். பெயிண்டைச் சுரண்டி, சாகினா என்று அட்டையில் பெரிதாக எழுதி வைத்தேன். ஒரு பழைய நோவாவுக்குத் தேடிக்கொண்டிருந்த இளைஞன் வந்தான். சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து நானே ஒட்டிக் காட்டினேன். பாதிப் பணம் திரும்பியது, அந்தப் பயணத்தின் பெட்ரோலுக்கு ஆயிற்று.